மைக்செட் அண்ணியின் அலறல்

எங்கள் அண்ணியை ஊரில் மைக்செட் என்றுதான் சொல்வார்கள். கல்யாணமாகி வந்த மறுநாள் அடுப்படியிலிருந்து "காபிக்கு சர்க்கரை எவ்வளவு?" என்று என்னைக் கேட்டாள். மூன்றாவது வீட்டுக்காரர், "எனக்கு ரெண்டு ஸ்பூன் போதும்மா" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் சொன்னார். அன்று ஒட்டிய பெயர் அது.

சண்டை போடுகிறாளோ என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்கு ரகசியமே அந்தச் சத்தத்தில்தான் வரும். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சேர்ந்து பாடும்போது, "நீ வாயை மட்டும் அசை" என்று டீச்சர் கடைசி வரிசையில் நிறுத்திவிட்டாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் மூன்று தடவை சொல்லிவிட்டாள். இங்கே வந்தால் என் அம்மா. "மெல்லப் பேசு, மெல்லப் பேசு" என்று பதினோரு வருஷமாக அம்மா கத்தியதில் அம்மாவின் தொண்டைதான் கட்டியது.

அந்தக் குரல் யாருக்காவது பிடித்தது என்றால் அது எங்கள் வாத்துகளுக்குத்தான். முந்நூறு வாத்துகள். காலையில் அறுப்பு முடிந்த வயலில் திறந்துவிடுவோம். மதியம் அண்ணி தவிட்டு வாளியோடு வரப்பில் நின்று, அடிவயிற்றிலிருந்து "ஆஆஆ" என்று ஒரு இழுப்பு இழுப்பாள். குஞ்சாக இருக்கும்போதிருந்தே அந்தச் சத்தம் கொடுத்துத்தான் தீனி போட்டுப் பழக்கியிருந்தாள். இரண்டு வயல் தாண்டியிருந்தாலும் அத்தனையும் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவரும். எனக்கு அப்படி ஓடிவர ஒரு ஜீவன் கிடையாது. நான் தையல்காரி, எனக்கு வாய்த்ததெல்லாம் ஜாக்கெட் தரவில்லை என்று ஓடிவருகிறவர்கள்.

போன வருஷம் எங்கள் வயலை ஒட்டிய பழைய வைக்கோல் கொட்டகைக்கு ஒரு சினிமாக் கூட்டம் வந்து இறங்கியது. பேய்ப்படம், ஆனால் சிரிப்புப் படமும் கூட என்றார்கள். எனக்கு முதலில் மண்டையில் ஏறவில்லை. அப்புறம் கதையைச் சொன்னார்கள். பெரியப்பா செத்துப்போகிறார். சொத்துக்கு வந்த சொந்தக்காரர்களை முகத்தில் சாக்கு மாட்டிய ஒருவன் வரிசையாக அரிவாளால் வெட்டுகிறான். வெட்டுப்பட்டவர்கள் எழுந்து உட்கார்ந்து, தங்கள் சாவுக்கு யார் யார் சரியாக அழவில்லை என்று புறணி பேசுகிறார்கள். எங்கள் சொந்தக்காரர்களை நினைத்துப் பார்த்தேன், கதை சரியாகத்தான் இருந்தது.

கதாநாயகிக்குப் பத்தொன்பது தடவை அலறித் தொண்டை போய்விட்டது. டீ வேண்டுமென்றாலும் காகிதத்தில் எழுதித்தான் காட்டினாள். அந்த நேரம் பார்த்து அண்ணி வாத்தைக் கூப்பிட்டாள். டைரக்டர் கையிலிருந்த டீயைப் பேன்ட்டில் கொட்டிக்கொண்டு, கொட்டியதைக்கூடப் பார்க்காமல் வரப்பு வழியே ஓடி வந்தார்.

"இப்ப சத்தம் போட்டது யாருங்க?"

அம்மா முந்திக்கொண்டாள். "மன்னிச்சுக்கங்க தம்பி. இனிமே கத்தாம நான் பாத்துக்கறேன்."

"கத்தணும்மா. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

அண்ணியின் கை தவிட்டு வாளிக்குள்ளேயே நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து யாரும் அவளிடம் அந்தக் குரலைக் கேட்டு வாங்கியதில்லை. கதாநாயகி வாயைத் திறக்க வேண்டும், அண்ணி மறைவிலிருந்து அலற வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் மறுநாள் சாயங்காலம் அவர்கள் கிளம்பவேண்டும். அதற்குள் சரியாக வரவில்லையென்றால் கம்ப்யூட்டரில் இருக்கிற ஏதோ ஒரு அலறலைப் போட்டுக்கொள்வார்களாம். அண்ணி அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை. சினிமாவில் தன் குரல் வரப்போகிறது என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள், அதற்கு அவள் வாசலைத் தாண்டவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

மறுநாள் கொட்டகை ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டிப் பட்டப்பகலை இரவாக்கினார்கள். பெரியப்பா சவப்பெட்டியில் படுத்துக்கொண்டார். அவர் நெஞ்சில் புழு நெளிய வேண்டும் என்று வேகவைத்த அரிசியைத் தூவினார்கள். சாக்குக்காரன் அரிவாளை ஓங்கினான், கதாநாயகி வாயைத் திறந்தாள், வைக்கோல் கட்டுக்குப் பின்னாலிருந்து அண்ணி "ஆஆஆ" என்றாள்.

கொட்டகை அதிர்ந்தது. டைரக்டர் கட்டை விரலைத் தூக்கினார். அரை நிமிஷம் கழித்து வெளியே தபதபவென்று ஒரு சத்தம். முந்நூறும் உள்ளே வந்துவிட்டன. சாக்குக்காரனுக்குக் கண் தெரியாது, கால் எதிலோ தடுக்கிப் பெட்டிக்குள் விழுந்தான். "யோவ், இது என் இடம்யா" என்றது பிணம். அதற்குள் வாத்துகள் பெரியப்பாவின் நெஞ்சிலிருந்த புழுவையெல்லாம் கொத்தித் தின்ன ஆரம்பித்திருந்தன. அவர் கூச்சம் தாங்காமல் நெளிந்ததில் பெட்டியே கவிழ்ந்தது.

கதவைச் சாத்திவிட்டு எடுத்தார்கள். வாத்துகள் வெளியே நின்று கத்திய கத்தலில் சவுண்ட்காரர் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஓட்டிப்போய் நிறுத்து என்று அண்ணனை அனுப்பினார்கள். வாத்துகள் நீந்தி வந்தன. அண்ணன்தான் சுற்றிக்கொண்டு, அவற்றுக்குப் பின்னால், முழங்கால் வரை சேறோடு வந்தான்.

வாத்தைக்கூட விடுங்கள். ஆறாவது தடவை சவுண்ட்காரர்தான் மெதுவாகச் சொன்னார். "அக்கா, நீங்க பயப்படல. சாப்பிடக் கூப்பிடறீங்க. கேட்டா எனக்கே பசிக்குது."

அதற்கப்புறம் எல்லாரும் சேர்ந்து அண்ணியைப் பயமுறுத்தப் பார்த்தார்கள். சாக்குக்காரன் வைக்கோலுக்குள்ளிருந்து பாய்ந்தான், வாளியால் ஒன்று வாங்கினான். வெட்டிய கை ஒன்றை மடியில் போட்டார்கள். அண்ணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு விரலுக்கு நகம் வைக்க மறந்துட்டீங்களே" என்றாள். பதினோரு வருஷம் என் அம்மாவோடு குடித்தனம் நடத்தியவளை எதைக் காட்டிப் பயமுறுத்துவது?

நாலரை மணிக்கு டைரக்டர் வந்தார். "பரவால்லம்மா. சிட்டில பாத்துக்கறோம்."

"சரிங்க" என்றாள் அண்ணி. அம்மா ஆசைப்பட்ட அதே மெல்லிய குரலில் சொன்னாள். எனக்கு அதைக் கேட்கவே பிடிக்கவில்லை.

சாமான்களை ஏற்ற ஆரம்பித்தார்கள். சவுண்ட்காரர் மட்டும், வயல்காட்டுச் சத்தம் கொஞ்சம் வேண்டும் என்று மைக்கை வரப்போரம் நட்டு வைத்திருந்தார். மேட்டில் ஜெனரேட்டர் லாரி நின்றது. சரிவில், லாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அண்ணன் குத்தவைத்து ஒரு வாத்தின் காலில் சுற்றிய ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தான். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எந்தப் புண்ணியவானோ எடுத்துவிட்டான்.

லாரி சத்தமே இல்லாமல் பின்னால் உருண்டது. நான் பார்த்தேன். எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. அண்ணி அலறினாள்.

அது "ஆ" இல்லை. எந்த எழுத்தும் இல்லை. அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல் பக்கத்துச் சாக்கடையில் பாய்ந்தான். லாரி அவன் குத்தவைத்திருந்த இடத்தின் மேல் ஏறிப்போய்க் கொட்டகைச் சுவரில் மோதி நின்றது. அந்தக் குரலுக்கு ஓடிவந்தே பழகிய வாத்துகள், அன்றைக்கு அவளை விட்டு நாலா திசையிலும் ஓடின.

"சார், பதிவாயிருச்சு" என்றார் சவுண்ட்காரர். டைரக்டருக்குத் தலைகால் புரியவில்லை. "இதேதான்மா, இதைத்தான் கேட்டேன்" என்று குதித்தார். குதித்து முடித்துவிட்டு, "எதுக்கும் சேஃப்டிக்கு இன்னொண்ணு போலாமா?" என்றார். நான் செருப்பைக் கழற்றினேன். எனக்கு முன்னால் அம்மா கழற்றியிருந்தாள்.

சாக்கடைக்குள்ளிருந்து அண்ணன், "நான் உயிரோடதான் இருக்கேன், கேக்க ஆள் இருக்கா?" என்றான். அண்ணி உள்ளே இறங்கி அவன் கை, கால், தலை எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்த்தாள். அன்று ராத்திரி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வாத்துகள் கிட்டே வர நான்கு நாள் ஆனது.

எட்டு மாதம் கழித்துப் படம் வந்தது. ஊரே டவுன் தியேட்டருக்குத் திரண்டது, எங்களை நடு வரிசையில் உட்காரவைத்தார்கள். பிணங்கள் புறணி பேசப் பேச ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள், அம்மா சிரித்ததில் புரையேறிவிட்டது. சாக்குக்காரன் கொட்டகைக் கதவைத் திறந்தான். அண்ணி எழுந்து வெளியே போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"உங்க குரல் இப்பதான் வரப்போகுது, வாங்க அண்ணி."

"நீ போய்க் கேளு."

இரண்டு கதவுகளைத் தாண்டி அது வந்தது. பாப்கார்ன் போடுகிறவர் கரண்டியோடு அப்படியே நின்றார். அண்ணி இரண்டு கையாலும் காதை இறுக்கிப் பொத்திக்கொண்டாள். உள்ளே கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டல்.

அண்ணன் இருட்டில் பலர் காலை மிதித்துக்கொண்டு வெளியே வந்தான். "எல்லாரும் கை தட்டறாங்க, நீ இங்க நிக்கறியே. வா உள்ள."

அண்ணி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் போவேணாம். படம் முடியற வரைக்கும் என் கண்ணு முன்னால நில்லுங்க."

அண்ணன் நின்றான்.