உயிர்த்தெழும் வரை உத்தரவாதம்

கல்லறைக் கல் செய்யும் தொழிலில் ஒரு வசதி உண்டு: யாருக்காகச் செய்தோமோ அவர் திரும்பி வந்து குறை சொல்ல மாட்டார். ஆனால் என்னிடம் வரும் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர், இறந்தவர் கட்டாயம் எழுந்து வருவார் என்று நம்புகிறவர்கள். அதனால் எனக்கு அந்த வசதியும் இல்லை. ஒவ்வொரு பெயரையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்த பிறகுதான் வெட்டக் கொடுப்பேன்.

நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஓசூருக்கும் பெங்களூருக்கும் இன்டர்வியூவுக்கு அலைந்து ஓய்ந்து, கடைசியில் பாலக்கோடு - தர்மபுரி ரோட்டோரம் ஒரு கிரானைட் பட்டறையில் டிசைனராகச் சேர்ந்தேன். கம்ப்யூட்டரில் எழுத்தை அடுக்கி, ஸ்டிக்கரில் வெட்டி, கல்லில் ஒட்டித் தருவது என் வேலை. அதன் மேல் மணலைப் பீய்ச்சி எழுத்தைக் குழிப்பது மாதையண்ணன் வேலை. கோயில் கல்வெட்டு, வீட்டுப் பெயர்ப்பலகை எல்லாம் வரும். ஆனால் நான் கிறிஸ்தவப் பெண் என்பதால், சிலுவை போட்ட ஆர்டர் அத்தனையும் "எஸ்தர் பாப்பாகிட்டப் போங்க" என்று என் மேஜைக்கு வந்துவிடும். படித்த படிப்புக்கும் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கும் சம்பந்தமில்லாமல் இருக்கும் உங்களுக்கு, இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊருக்கெல்லாம் நான் கல் எழுதித் தருகிறேன்; என் அப்பாவுக்குக் கல் இல்லை. மாரண்டஹள்ளிப் பக்கம் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரு மரச்சிலுவை மட்டும்தான். தோட்டம் சின்னது; கல் இல்லாத குழியைச் சில வருஷம் போனால் அடுத்தவருக்கு எடுத்துக்கொள்வார்கள். எங்கள் ஓனர் சக்திவேல் அண்ணன், மீந்த கறுப்புக் கல் ஒன்றை அப்பாவுக்கென்று ஒதுக்கியே வைத்துவிட்டார். அம்மாதான் விடவில்லை. ஆண்டவர் சீக்கிரம் வரப்போகிறார், கல்லறை திறக்கப்போகிறது, அந்த நேரத்தில் மேலே எதற்குப் பாரம் என்பது அம்மாவின் கட்சி. நான் வாயைத் திறந்தாலே இதைத்தான் சொல்லும்: "போர்வெல் போடற வண்டியில பைப்பு தூக்கித் தூக்கியே முதுகு போன மனுசன். எழுந்திரிக்கிற அன்னிக்கும் அவரு தூக்கணுமா?"

கிழக்கே நீட்டிய கால்

எங்களில் அடக்கம் செய்யும்போது தலை மேற்கே, கால் கிழக்கே. ஆண்டவர் கிழக்கிலிருந்து வருவார். எழுந்து உட்கார்ந்தால் நேர் எதிரே அவர் முகம். கல் தலைமாட்டில்தான் நிற்க வேண்டும். ஓனர் அண்ணனுக்கு இது தெரியாது. அவர் கோயில் கல்வெட்டிலேயே வளர்ந்தவர். கல் என்றால் நாலு பேர் படிக்க வேண்டும், அவ்வளவுதான். ஏரியூர் பக்கம் ஒரு பெரியவருக்குச் செய்த கல்லை, கிழக்கே ரோடு போகிறது, போகிற வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று கால்மாட்டில் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

மறுநாளே பெரியவரின் மகன் வந்துவிட்டார். ரிட்டயர்டு போஸ்ட்மேன். கோபப்படவில்லை, தவறான விலாசத்துக்குப் போன கடிதத்தைப் பற்றிப் பேசுவது போலப் பொறுமையாகப் பேசினார். கல் நடும் எங்கள் ஆட்கள் வெளியூர் வேலையில் இருந்தார்கள். "அடுத்த வாரம் மாத்திக் குடுத்துடறோமுங்க" என்றேன். கல்லின் பின்பக்கம் எங்கள் பட்டறைப் பெயரைச் சின்னதாகப் போடுவோம் என்பதையும் அவர் கவனித்திருந்தார். "அடுத்த வாரத்துக்குள்ள ஆண்டவர் வர்ற எக்காளம் ஊதிட்டா என்னம்மா பண்ணுவீங்க? எங்கப்பா எழுந்த வேகத்துல உங்க கல்லுல மூக்க இடிச்சுக்குவாரு. ஆண்டவர் முகத்தப் பாக்கறதுக்கு முன்னாடி உங்க விளம்பரத்தத்தான் பாக்கணும்."

தஸ்தகீர் பாய் டெம்போ

கல் ஏற்றிப் போவது தஸ்தகீர் பாயின் டெம்போ. அதன் நம்பரில் மூன்று ஆறு சேர்ந்தாற்போல் வரும். கடைசிக் காலத்தில் அந்திக்கிறிஸ்து தன் ஆட்களின் நெற்றியிலும் கையிலும் போடப்போகிற முத்திரை அந்த எண்தான் என்பது எங்கள் சபைகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இத்தனை நாள் யாரும் குனிந்து நம்பர் பிளேட்டைப் பார்க்கவில்லை. ஒரு சபை மூப்பர் பார்த்துவிட்டார். "இந்த வண்டியில எங்கம்மா கல்லு ஏறாது" என்று இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றுகொண்டார்.

எனக்குப் பதற்றம். எந்தப் பிரச்சினை வந்தாலும் ஸ்டிக்கர் வெட்டுவதுதான் எனக்குத் தெரிந்த வழி. ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு நம்பரை மறைக்க ஓடினேன். பாய் என்னைத் தடுத்தார். "மறைச்சா போலீஸ்காரர் நிறுத்துவாரு. மறைக்கலன்னா இவரு நிறுத்தறாரு. நான் எப்பத்தான் வண்டி ஓட்டறது?" என்றார். பிறகு மூப்பரின் தோளில் கையைப் போட்டு, டீக்கடை வரை அழைத்துப்போய், திரும்பி வரும்போது சொன்னார்: "உங்க இயேசுதான் எங்களுக்கு ஈசா நபி. கடைசில அவரு திரும்பி வருவாருன்னு நாங்களுந்தான் நம்பறோமுங்க. வர்றவரு நம்பர் பாத்தா வண்டியில ஏறப்போறாரு?"

கேரண்டி

ஓனர் அண்ணனுக்கு எல்லாக் கல்லுக்கும் ஒரே வசனம்தான்: "நூறு வருசம் கேரண்டிங்க." நல்லம்பள்ளியிலிருந்து கல்லறைக் கல் கேட்டு வந்த, பிரசங்கம் செய்யும் ஓர் இளம் ஊழியக்காரரிடமும் அதையே சொன்னார். அவர் முகம் வாடிவிட்டது. "நூறு வருசமா? அதுவரைக்கும் ஆண்டவர் வர மாட்டார்னு சொல்றீங்களா? யுத்தம், கொள்ளை நோய், பூமியதிர்ச்சி, எல்லா அடையாளமும் நடந்தாச்சு. நாலஞ்சு வருசம் தாங்கற மாதிரி சாதாக் கல்லு இருந்தாக் காட்டுங்க, போதும்." அண்ணன் தன் தொழில் வாழ்க்கையில் முதல் தடவையாக, மோசமான கல்லைத் தேடிக் கொல்லைப்புறம் போனார்.

சில மாதம் கழித்து அதே ஊழியக்காரர் மறுபடி வந்தார். புது மாடி வீட்டுக்குப் பெயர்ப்பலகை வேண்டுமாம். அண்ணன் பழைய ஞாபகத்தில் ஒரு மெல்லிய பலகையைத் தூக்கிக் காட்டினார். அதை ஒரு விரலால் தட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "இது வேணாங்க. பேரன் பேத்தி காலத்துக்கும் நிக்கற மாதிரி நல்ல கனமாக் குடுங்க."

முந்திப் போகிறவர்

ரோஸ்லின் அக்கா கணவருக்குக் கல் சொல்ல வந்தார். கண்ணில் தண்ணீர் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. அடக்க ஆராதனையில் பாஸ்டர் பேசியதுதான் காரணம். எக்காளம் ஊதும்போது கர்த்தருக்குள் மரித்தவர்கள் முதலில் எழுந்திருப்பார்கள், உயிரோடிருப்பவர்கள் அதற்குப் பிறகுதான் என்று ஆறுதலாகச் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு அது ஆறுதலாக இல்லை.

கல்லில் என்ன வாசகம் போடலாம் என்று கேட்டேன். எங்களிடம் இருக்கும் மாதிரி வாசகங்களையெல்லாம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பிடிக்கவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: "இருவது வருசமா கோயிலுக்குக் கிளம்பறப்ப வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு, நான் சேலை மடிப்பு எடுக்கறதுக்குள்ள தெருமுனை போயிருவாரு. இப்ப மேல போறப்பவும் அவருதான் ஃபர்ஸ்ட்டாம். 'நில்லுங்க, வர்றேன்'னு போடு பாப்பா." அப்படியே போட்டோம். தங்க நிறம் அடித்துக்கொண்டிருந்த மாதையண்ணன் அதை இரண்டு தடவை படித்தார். அன்று மாலை வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே கிளம்பினார். ஏன் என்று கேட்டதற்கு, "வூட்டுல அவள ஏரிக்கரை வரைக்கும் வண்டியில கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன்" என்றார்.

மாதையண்ணனின் சந்தேகம்

மாதையண்ணன் முனியப்பனைக் கும்பிடுகிறவர். ஆனால் இத்தனை சிலுவைக் கல்லை எழுதியதில், எங்கள் சபையில் உள்ள பலரைவிட அதிகமாக உயிர்த்தெழுதலைப் பற்றி யோசிக்கிறவர். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "புதைச்சவங்க எழுந்திருச்சு வர்றாங்க, சரி. எங்கள மாதிரி எரிச்சவங்க?" என்றார். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்ல எனக்கு வராது. ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரிடம் கேட்டு வந்து சொன்னேன். மண்ணிலிருந்து மனிதனை உண்டாக்கியவருக்குச் சாம்பலிலிருந்து எழுப்புவது கஷ்டமில்லை என்று பாஸ்டர் சொல்லியிருந்தார்.

அண்ணன் களி உருண்டையை உடைத்தபடி யோசித்தார். "அப்ப பொருளு எப்படி இருந்தாலும் அட்ஜஸ்ட் பண்ணிக்குவாரு. நல்ல மனுசன்தான்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "கடவுளு கண்டுபிடிச்சுக்குவாரு பாப்பா. அது அவரு வேலை. நீயும் உங்கம்மாவும் உங்கப்பன எதவெச்சுக் கண்டுபிடிப்பீங்க?"

யாருக்கு வைத்த பூ

அந்த வாரமே எங்கள் ஊரில் ஒரு சாவு. கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் சின்னப்பன் அண்ணன் போன் செய்தார். கல் இல்லாத வரிசையில்தான் இடம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், வந்து உங்கள் இடத்தைக் காட்டிவிட்டுப் போங்கள் என்றார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். அம்மா பதறவில்லை. சாமந்தித் தோட்டத்தில் பூப் பறிக்கும் வேலை அதற்கு. அன்று பறித்ததில் ஒரு கை மடியில் கட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு உயிர்த்தெழுந்த ஞாயிறும் விடிகாலையில் பூ வைக்கிற இடம்தானே என்று நேராக மரச்சிலுவையிடம் போய் நின்று, "இதுதான்" என்றது.

சின்னப்பன் அண்ணன் தலையைச் சொறிந்தார். "இது இல்லீங்க. உங்க வூட்டுக்காரருக்கு வெட்டறப்ப வேப்ப வேரு குறுக்க வந்து, நாலு பேரு மாத்தி மாத்தி வெட்டுனோம். அந்த வேரு பக்கத்துக் குழியிலதான் இருக்குது." பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னார். முதல் வருஷ மழையிலேயே சிலுவை சாய்ந்து கிடந்திருக்கிறது. கிடந்ததை எடுத்து நட்டவர் இவர்தான். நட்ட இடம் ஒரு குழி தள்ளிப் போய்விட்டது. பக்கத்தில் மேடே இல்லாமல், தும்பைச் செடி முளைத்துத் தரையோடு தரையாகக் கிடந்தது. அதுதான் அப்பா. நாங்கள் வராமல் இருந்திருந்தால் மறுநாள் அங்கேதான் வெட்டியிருப்பார்கள்.

எனக்கு அழுகை வந்தது. அம்மா, "அப்ப இத்தன வருசமா நான் யாருக்குப்பா பூ வெச்சேன்?" என்றது. சின்னப்பன் அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அநாதைப் பொணமுங்க. ரோட்டுல கிடந்தாருன்னு கொண்டாந்து வெச்சோம். அவருக்குன்னு ஒருத்தரும் வர்றதில்ல. சந்தோசமா இருந்திருப்பாரு." அம்மா மடியை அவிழ்த்துப் பாதிப் பூவை அவருக்கே வைத்தது. மீதிப் பாதியைத் தும்பைச் செடிமேல் வைத்துவிட்டு, அப்பாவிடம் பேசுகிற மாதிரி சொன்னது: "பக்கத்துலயேதான் இருந்திருக்கற. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

பாதிக் கல்

மறுநாள் அம்மா பட்டறைக்கு வந்தது. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்தது அதுதான் முதல் தடவை. வாசலில் செருப்பைக் கழற்றப் போனதை ஓனர் அண்ணன் தடுத்து உள்ளே கூட்டிவந்தார். பெற்ற மகள் என்ற சலுகை எனக்கு இல்லை. மற்ற வாடிக்கையாளர்களைப் போலவே என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து நிபந்தனைகளைச் சொன்னது. கல் அப்பா மேல் படுக்கக் கூடாது, தலைமாட்டில் நிற்க வேண்டும். ரொம்ப ஆழமாக நட வேண்டாம், அசைத்தால் அசைய வேண்டும். எழுத்து முழுக்க இடது பாதியில். வலது பாதி காலி.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். எத்தனையோ தம்பதிகளுக்கு அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன். திரையைப் பார்த்துக்கொண்டே, "வலது பக்கம் உன் பேரையும் பிறந்த தேதியையும் இப்பவே வெட்டிடட்டுமாம்மா? நெறைய பேரு அப்படித்தான் செய்யறாங்க" என்றேன். மாதையண்ணன் மெஷினை நிறுத்திவிட்டார். தஸ்தகீர் பாய் டெம்போ கதவைச் சாத்தாமல் நின்றார்.

"எனக்கெதுக்குடி கல்லு? நான் சாவ மாட்டேன். ஆண்டவர் என்னை உசுரோடவே எடுத்துக்கப் போறாரு. உங்கப்பா முன்ன, நான் பின்ன" என்றது அம்மா, பாலக்கோட்டுக்கு பஸ் பிடிக்கப்போகிற மாதிரி.

"அப்பறம் எதுக்குக்கா அந்தப் பாதிய காலியா வுடணும்?" என்று மாதையண்ணன் கேட்டார்.

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. முந்தானையால் என் மேஜை மேலிருந்த கல் தூசியைத் துடைத்தபடி சொன்னது: "ஆண்டவருக்கு ஆயிரம் ஜோலி. கொஞ்சம் லேட்டாயிருச்சுன்னா, புள்ள மறுபடியும் மொதல்ல இருந்து அலைய வேணாமில்ல."

கல் நட்டாயிற்று. அப்பாவின் பெயரில் பிழை இல்லை, கல் அசைத்தால் அசைகிறது, முகம் கிழக்கே. இனி, உலகம் எப்போது முடிந்தாலும் சரி, ஒரு ஆர்டர் மட்டும் வரவே கூடாது என்று நான் தினமும் ஜெபிப்பது அந்த வலது பாதிக்காகத்தான்.