நொத்தாரிஸ் மிஸ்ஸும் மிளகு முதலாளியும்

காணி உறுதி என்கிற நிலப் பத்திரம் எழுதும் தொழிலில் காணியை அளப்பவர்கள் குறைவு. எழுதுகிறவரை அளப்பவர்களே அதிகம். உறுதி எழுதும் நொத்தாரிஸ்மாரின் கந்தோர் அறைகளில் காத்திருந்து இடுப்பு விட்டுப்போன நீங்கள் இதை ஒத்துக்கொள்வீர்கள். மாத்தளையில் எங்கள் தெருவில் நொத்தாரிஸ் பலகை மாட்டிய முதல் பெண் சிவகாமி மிஸ். அவரிடம் கதவு திறக்கவும், சாட்சிக் கையெழுத்துப் போடவும் நான் இருக்கிறேன்.

ஐயா எங்கே?

மிளகு வியாபாரி ஒருவர் தங்கச்சியோடு வந்தார். மேசையில் மிஸ் இருக்க, அலுமாரிக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார். "இவர்தான் நொத்தாரிஸ்" என்று மெதுவாகச் சொன்னேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"பரவாயில்லீங்க, ஐயா சாப்பிட்டுட்டே வரட்டும்."

அண்ணன் மனசு

ஒருவழியாக விஷயத்துக்கு வந்தார். தங்கச்சி புஷ்பம் புருஷனை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். எல்கடுவப் பக்கம் அம்மா எழுதிக் கொடுத்த வீடும் காணியும்தான் அவருக்கு மிச்சம். அதை அண்ணன் பெயருக்கு நன்கொடையாக எழுத வேண்டுமாம். பொம்பளை பெயரில் காணி இருந்தால் சிக்கலாம். இதை ஒரு பெண் நொத்தாரிஸிடமே விளக்கினார். புஷ்பம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"பிறகு இவங்க எங்க இருப்பாங்க?" என்று மிஸ் கேட்டார்.

"நம்ம ஸ்டோர்லதாங்க. நாலு மூட்டைய தள்ளி வச்சா தாராளமா படுக்கலாம்."

சாத்திய கதவு

மற்றக் கந்தோர்களில் உறவெல்லாம் சுற்றியிருக்க, தேத்தண்ணி ஆறுமுன் உறுதியை வாசித்து முடித்துவிடுவார்கள். கொடுக்கிறவருக்குத் தலையாட்ட மட்டும் நேரம் இருக்கும். மிஸ் அப்படியில்லை. கொடுக்கிறவருக்குத் தனியாக வாசித்து விளக்காமல் கையெழுத்து வாங்கமாட்டார். அண்ணன் சொன்னபடி இங்கிலீஷில் தயாரான உறுதியோடு புஷ்பத்தை உள்ளே அழைத்தார். முதலாளியை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினேன். அவர் என்னை முறைத்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

கதவு திறந்தது. புஷ்பம் சேலையை உதறிச் செருகிக்கொண்டு வந்தார். கையெழுத்துப் போடவில்லை.

"உள்ள அந்தப் பொம்பள என்னா சொல்லிக் கெடுத்துச்சு?" என்று அண்ணன் கத்தினார்.

"அவங்க ஒண்ணுமே சொல்லலண்ணே. நீங்க எழுதச் சொன்னதத்தான் தமிழ்ல வாசிச்சாங்க."

விளம்பரம்

முதலாளி சும்மா இருக்கவில்லை. அந்த மிஸ்ஸுக்கு உறுதி எழுதவே தெரியாதென்று கடை கடையாகச் சொல்லித் திரிந்தார். அடுத்த கிழமை கந்தோர் திறக்குமுன்னே வாசலில் ஐந்து பெண்கள். முன்னால் நின்ற அம்மா, காணியை எழுதி வாங்க அவரைக் கூட்டிவந்து பின்னால் நின்ற தம்பிமாருக்குக் கேட்காமல் என்னிடம் குனிந்து கேட்டார்:

"ஐயா, உறுதி எழுதத் தெரியாத மிஸ் இங்கதானே இருக்காங்க?"

கையெழுத்தாகாத உறுதியால் பெயர் வாங்கிய நொத்தாரிஸ், நான் அறிந்தவரை, இவர் ஒருவர்தான்.