ஜன்னலில் அடித்த தண்ணீர்

என் அக்காவைத் தெருவில் எல்லோரும் ‘ஹலோ அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து, அந்த வேலையிலேயே ஓய்வு பெற்றவள். “ஹலோ, கேக்குதா? லைன்ல இருக்கீங்களா?” என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, வீட்டிலும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. “சாப்பிட வாங்க, கேக்குதா?” என்பாள். தோட்டத்திலிருந்து அத்தான், “கேக்குது, கேக்குது, உசுரோடதான் இருக்கேன்” என்று குரல் கொடுப்பார்.

அவளுக்குப் பாம்புச் செவி. போனில் வரும் மூச்சை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். சின்ன வயதில் நான் சர்க்கரை டப்பாவை எவ்வளவு பதுங்கித் திறந்தாலும் வாசலில் இருந்தபடியே அதட்டுவாள். அப்படிப்பட்ட காது, கேட்க வேண்டிய ஒரு நாளில் அவளைக் கைவிட்டுவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி இல்லை.

அத்தானுக்கு இருந்த ஒரே பைத்தியம், சமையலறை ஜன்னலுக்கு எதிரே இருந்த புல்தரை. தலையில் முடி கொட்டக் கொட்டத் தரையில் வளர்க்கிறார் என்று நான் கேலி செய்வேன். அவரும் வழுக்கையைத் தடவிக்கொண்டு சிரிப்பார். புல்லுக்குத் தண்ணீர் விட ஒரு பித்தளை ஸ்பிரிங்க்ளர் வைத்திருந்தார். தண்ணீரின் வேகத்தில் அதன் சின்னக் கை தட்டித் தட்டித் தலையைத் திருப்பும். டிக், டிக், டிக் என்று மெதுவாகப் போகும். எல்லை வந்ததும் டர்ர்ர் என்று திரும்பி ஓடிவரும். காலையில் அந்தத் தாளத்துக்குத்தான் அக்காவின் சமையலறை இயங்கும்.

ஒரு நாள் ஒரு மூலை காய்கிறது என்று அத்தான் அதை வீட்டுப் பக்கமாக நகர்த்தி நட்டார். தண்ணீர் வந்து ஜன்னல் கண்ணாடியில் அடித்தது. “ஜன்னல்ல அடிக்குது, திருப்பி வைங்க, கேக்குதா?” என்றாள் அக்கா. பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் படார். சுற்றுக்கு ஒரு அடி, அடிக்கு ஒரு வசவு. “காது செவிடாப் போச்சா? என் பேச்சுன்னாலே இளக்காரம்தான் உங்களுக்கு. இந்தப் புல்லையே கட்டிக்கிட்டு அழுங்க.” காப்பி போட்டு, ஆற்றி, ஆடை கட்டும்வரை திட்டினாள். கடைசியில் கையில் கரண்டியோடு வெளியே போனாள். அவர் ஸ்பிரிங்க்ளர் பக்கத்தில் குப்புறக் கிடந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் ஒவ்வொரு சுற்றிலும் அவர் மேல் விழுந்து போய்க்கொண்டிருந்தது.

மாரடைப்பு என்றார் டாக்டர். அக்கா அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “கொஞ்ச நேரம் உயிர் இருந்திருக்குமா?” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அக்காவுக்குத் துணையாக நான் போய் இருந்தேன். ஸ்பிரிங்க்ளருக்குத் தண்ணீர் போகும் தோட்டத்துக் குழாயைப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். அப்படியும் பொழுது விடியும் நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

“அடிக்குது பாரு.”

“என்ன அடிக்குது?”

“ஜன்னல்ல. இதோ, போய்ட்டு மறுபடி வருது.”

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. விறுவிறு என்று போய்ப் பார்த்தேன். கண்ணாடி நனைந்திருந்தது. “பனிதான்க்கா” என்றேன். அதற்குப் பிறகு விடிகாலையில் நான் அந்த ஜன்னல் பக்கம் தனியாகப் போகவில்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். “போனவரு போயிட்டாரு. நீ திட்டுனது அவருக்குக் கேட்டா என்ன, கேக்கலன்னா என்ன?”

அக்கா கத்தவில்லை. “கேட்டிருந்தா, என் வசவைக் கேட்டுக்கிட்டே, பதில் சொல்ல முடியாம கிடந்திருக்காரு. கேக்கலன்னா, நான் பொணத்தைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன். ரெண்டுல எதுடீ பரவாயில்ல? நீயே சொல்லு.”

வாயாடி என்று பேரெடுத்த நான் எழுந்து போய் அவளுக்குக் காப்பி கலந்தேன்.

இதற்குள் புல் பழுத்துப் பாதி செத்துவிட்டது. “அதையும் கொன்னுட்டேன்னு இருக்கக் கூடாது. சத்தம் போடாத ஸ்பிரிங்க்ளர் ஒண்ணு வாங்கலாம், வா” என்று அவளே கிளம்பினாள்.

கடைக்காரர் முதலில் எங்கள் தண்ணீரைப் பற்றித்தான் விசாரித்தார். போர் தண்ணீர், மணல் வரும் என்றேன்.

“அப்போ சத்தமில்லாதது வேண்டாம்மா. உள்ளே பல்சக்கரம் இருக்கு, மணல் புகுந்தா நின்னுடும். மணலைத் தாங்கறது தட்டிச் சுத்தறதுதான். பிளாஸ்டிக்ல வாங்கினா வெயில்ல வெடிச்சுப்போகும். பித்தளையே எடுத்துக்குங்க.”

அக்காவின் முகம் செத்துப்போனது. எழுந்து வந்துவிடுவாள் என்று நினைத்தேன். “எப்படி வைக்கணும்? சொல்லிக் குடுங்க. வீட்டுல அவருதான் வைப்பாரு” என்றாள்.

கழுத்தில் இருந்த இரண்டு கம்பி வளையங்களை அவர் நகர்த்திக் காட்டினார். “இதுதான் எல்லை. இந்தக் கொக்கியைக் கீழே இறக்கிட்டா ரெண்டு கம்பிக்கு நடுவுல மட்டும் போய்ட்டு வரும். மேலே தூக்கிட்டா முழு வட்டம் சுத்தும். கம்பியை நகர்த்தறப்போ கொக்கியைத் தூக்கிக்குங்க. நகர்த்தி முடிச்சதும் மறக்காம இறக்கிடுங்க.”

போனில் நம்பர் சரிபார்ப்பதுபோல அக்கா அதைத் திருப்பிச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும், “பழசுல கம்பியை எங்கே வெச்சிருந்தாருன்னு பார்த்து அதே மாதிரி வைக்கலாம்” என்றாள். அவர் விழுந்த அன்றைக்கு யாரோ பிடுங்கிக் கொட்டகையில் போட்டது, அப்படியே கிடந்தது. எடுத்து வந்தேன். உப்பும் களிம்பும் ஏறிப் பச்சை பூத்திருந்தது. அக்கா அதை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, விரலை அதன் கழுத்தில் வைத்தாள். அங்கே ஒரு கோடு மட்டும் களிம்பு ஏறாமல் மஞ்சளாக இருந்தது. வருஷக்கணக்காக ஒரு கம்பி உட்கார்ந்திருந்த தடம். கம்பி இப்போது அங்கே இல்லை. இரண்டு விரற்கடை தள்ளி இருந்தது. கொக்கி மேலே தூக்கியபடி நின்றது.

“நகர்த்தியிருக்காருடீ” என்றாள். “ஜன்னல்ல படாம இருக்க நகர்த்தியிருக்காரு. கொக்கியை இறக்கறதுக்குள்ளே...”

“கேட்டிருக்கு. நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்கு” என்று அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அவள் முதலில் சொன்னதை அவர் கேட்டார், கேட்டுச் செய்தார். பின்னால் வந்த வசவெல்லாம்? விழுந்த பிறகு எவ்வளவு நேரம் மூச்சு இருந்தது என்று எந்தப் பித்தளையும் சொல்லாது. அது என் நாக்கு நுனிவரை வந்தது. முழுங்கிவிட்டேன்.

மறுநாள் காலை, “புதுசு பெட்டியிலேயே இருக்கட்டும்” என்றாள். பழையதை அதே குழியில் நட்டு, அவர் வைத்த கம்பியைத் தொடாமல் கொக்கியை மட்டும் இறக்கினாள். நான் குழாயைத் திறந்துவிட்டுச் சமையலறைக்கு வந்தேன். டிக், டிக், டிக். தண்ணீர் ஜன்னலை நோக்கி வந்துகொண்டே இருந்தது. கண்ணாடிக்கு ஒரு முழம் இருக்கும்போது கொக்கி கம்பியில் தடுக்கி, டர்ர்ர் என்று திரும்பி ஓடியது. கண்ணாடியில் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை.

அக்கா மூன்று டம்ளரில் காப்பி ஊற்றினாள். ஜன்னலைத் திறந்து, சண்டை போடாத பழைய குரலில், “படலைங்க. சரியாத்தான் வெச்சிருக்கீங்க. நனைஞ்சது போதும், உள்ளே வாங்க. கேக்குதா?” என்றாள்.

எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்த நாளைப்போலத் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தபடி நின்றாள். தண்ணீர் போனது, வந்தது. பேய் பிசாசை நம்பாத நானும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவர் எப்போதும் சொல்லும் அந்தப் பதில் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.