முழங்காலிட்டால் அலறும் கைப்பட்டை

ஓணத்துக்கு மறுநாள், விழுந்தால் அலறி என்னை அழைக்கும் கைப்பட்டை ஒன்றை நெய்யாற்றின்கரையில் வாங்கினேன். பக்கவாதத்தால் கால் தளர்ந்து, குன்னத்துகாலில் தனியே வசிக்கும் என் அண்ணனுக்காக. மாலை ஜெபத்துக்கு அவர் முழங்காலிட்டதுமே அது அலறியது. விற்றவரைப் போனில் அழைத்தேன்.

“நாற்காலியில இருந்து ஜெபிக்கச் சொல்லுங்க சாரே.”

“கர்த்தருக்க முன்னால எப்படி இருக்கணும்னு இவனாக்கும் எனக்குச் சொல்லித் தாறது?” என்ற அண்ணன், ஜெபவேளையில் பட்டையைக் கழற்றி வைக்கலானார்.

கிறிஸ்துமசுக்கு முந்திய ஞாயிறு, ஜெபம் முடித்து எழும்போது விழுந்தார். பட்டை மேசைமேல் ஊமையாகக் கிடந்தது. கூலி கேட்க வந்த தேங்காய் பறிப்பவர் முனகலைக் கேட்டதால் அண்ணன் பிழைத்தார்.

முதியவர்கள் நாற்காலியிலேயே பிறந்தவர்கள் என்று எண்ணும் மேதைகள் செய்த கருவி அது. இப்போதெல்லாம் வேறு பட்டை வாங்கப் போனால், விற்பவரையே அதைக் கட்டி, கடையிலேயே முழங்காலிட்டு எழச் சொல்கிறேன். இதுவரை ஒருவரும் குனியவில்லை, நானும் வாங்கவில்லை.