ஒரே லொறியில்

அப்பாவையும் அவரை வெட்டியவனையும் ஒரே லொறியில் ஏற்றி அனுப்பிய தோட்டத் துரையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. நுவரெலியா ரோட்டில் மண் சரிந்து கிடந்ததால், இறம்பொடை வளைவுகளில் இறங்கிக் கம்பளை ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர வழியில்லை. அவனைப் பொலிஸில் ஒப்படைப்பதும் அங்கேதான். தோட்டத்தில் இருந்ததோ ஒரே தேயிலை லொறி.

வெட்டியவன் என் அத்தை மகன். முறைக்காரன் என்ற திமிர். அப்பா என்னை வட்டவளையில் வேறு மாப்பிள்ளைக்குப் பேசி முடித்ததும், காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போதே, எல்லோர் முன்னாலும் தேயிலைச் செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தியை அப்பாவின் தோளில் இறக்கிவிட்டான். லயத்து வீட்டு ஆட்கள் அவனை உதைத்து லொறிக் கம்பியில் கட்டினார்கள். அவனைப் பெற்ற அத்தை, தன் தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் கூட ஏறிக்கொண்டேன்.

ஒவ்வொரு வளைவிலும் கட்டுத் துணி நனைந்து பலகையில் ரத்தம் ஓடியது. வழியெல்லாம் மழை. குறுகிய திருப்பங்களில் லொறி ஒரே தடவையில் திரும்பாது. பின்னுக்கு எடுத்து எடுத்துத்தான் திருப்ப வேண்டும்.

"கட்டையப் போடு புள்ள!" என்று டிரைவர் கத்துவார். நான் குதித்துச் சக்கரத்துக்கு முன்னால் மரக்கட்டையை வைப்பேன்.

ஒரு திருப்பத்தில் கட்டையோடு திரும்பி ஏறியபோது அவன் சொன்னான்: "ஒங்கப்பன் செத்தாலும் நீ எனக்குத்தான்."

எனக்குக் கண்மண் தெரியவில்லை. கட்டையால் அவன் வாயிலேயே அடித்தேன். பல் உடைந்து விழுந்தது. கை ஓயும்வரை அடித்தேன். அத்தை தடுக்கவில்லை.

"எவ்வளவு வேணும்னாலும் அடி ஆத்தா. பொலிசுல மட்டும் காட்டிக் குடுத்துறாத. எனக்கு அவன் ஒருத்தன்தான்" என்று அழுதாள்.

அவள்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததே என்று எரிச்சலும் வந்தது.

கம்பளை சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பொலிஸ்காரர் அவனைக் கட்டோடு இழுத்துக்கொண்டு அப்பாவின் கட்டிலருகே வந்து, என்ன நடந்தது என்று சிங்களத்தில் கேட்டார். ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் தமிழில் சொன்னார். அப்பா அத்தையின் முகத்தைப் பார்த்தார்.

"யாரும் வெட்டலீங்க. வழுக்கி நானே கத்தி மேல விழுந்துட்டேன். இவரு என் மருமகன். இவருக்குத்தான் பொண்ணக் குடுக்கப் போறேன்."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா மகனைக் காப்பாற்ற என்னைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். பொலிஸ்காரர் கயிற்றை அவிழ்க்கக் கை வைத்தார்.

யாரும் மாற்றிச் சொல்லத் தேவையில்லாதபடி, கடைவீதியில் பழகிய சிங்களத்தில் நானே சொன்னேன்: இவன்தான் வெட்டினான், தோட்டமே பார்த்தது.

அத்தை மாரில் அடித்துக்கொண்டாள். அவனை இழுத்துப் போனார்கள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

அப்பா பிழைத்துக்கொண்டார். என்னோடு பேசவில்லை. வட்டவளையில் நடந்த என் கல்யாணத்துக்கும் வரவில்லை. அன்று முழுக்க அத்தை வீட்டு வாசலில் போய் உட்கார்ந்திருந்தாராம்.