உள்ளுக்கை வாற வல்கன்

பழைய பிரித்தானியப் போர் விமானங்களின்ரை அச்சுப் படங்கள் சேர்க்கிறது என்ரை விசர். ஓவியர் கீறினதைக் குறிச்ச அளவு பிரதிதான் அடிப்பினம். ஒவ்வொண்டின்ரை அடியிலையும் பென்சிலாலை இலக்கமும் கையெழுத்தும் இருக்கும். ஊரிலை இரைச்சல் கேட்டால் ஓடினதுதான், ஒண்டையும் நிண்டு பார்த்ததில்லை. இஞ்சை, வெளிநாட்டிலை, அம்மருட்டிலை, எங்கடை கொரிடோர்ச் சுவரிலை அதுகள் அசையாமல் நிக்கும். வேலையாலை வந்து சப்பாத்துக் கழட்டேக்கை ஒரு ஹண்டர் விமானத்தை ஆறுதலாப் பார்ப்பன். மனம் லேசாகும்.

"உந்தக் கண்டறியாத பொம்மருகள் கொரிடோரோடையே நிக்கட்டும்" எண்டுவா மனிசி. எங்கடை ஆக்களுக்கு, குண்டு போட வாறது எதுவெண்டாலும் பொம்மர்தான். ஹண்டர் சண்டை விமானம், பொம்மர் இல்லை எண்டு விளங்கப்படுத்தி எனக்கு வாய் நொந்ததுதான் மிச்சம்.

போன வசந்தத்திலை லில்லெஸ்ட்ரோமிலை ஒரு பழைய சாமான் சந்தையிலை வல்கன் விமானப் படம் ஒண்டு கிடைச்சுது. அடேயப்பா! முக்கோணச் செட்டை, கீழை பச்சை வயல், ஓட்டினவரின்ரை கையெழுத்து வேறை. கொரிடோருக்குள்ளை அடங்காது. கொண்டுவந்து ஹோலிலை, சோபாவுக்கு முன்னாலை மாட்டினன். இந்தமுறை வாதாடவும் வழியில்லை, வல்கன் உண்மையிலையே பொம்மர்.

மனிசி பார்த்திட்டுக் குசினிக்குப் போனா. அவ முதியோர் இல்லத்திலை நாள் முழுக்க நிண்டு வேலை செய்யிறவ. வீட்டுக்கு வந்து சோபாவிலை காலை நீட்டித் தேத்தண்ணி குடிக்கிறதுதான் அவவின்ரை ஒரே சுகம். அண்டைக்குக் குசினிக்குள்ளை நிண்டு குடிச்சா. அடுத்த நாளும் அப்படித்தான். எனக்குக் கோவம் வந்திட்டுது.

"இஞ்சாரும், அது இங்கிலாந்துப் பிளேன். எங்கடை பக்கம் ஒருநாளும் வரேல்லை."

"ஓம், அது எனக்குத் தெரியுமப்பா. ஆனா உது உள்ளுக்கை வருது."

"என்ன உள்ளுக்கை வருது?"

"மூக்கைப் பாருங்கோ. பல்கனியாலை வந்து குசினிப் பக்கம் போகுது. சோபாவிலை இருந்தால் என்ரை தலை தானாக் குனியுது. நான் என்ன செய்ய?"

பார்த்தன். அட கோதாரி, உண்மைதான்! தாளைப் பார்த்தன், நிறத்தைப் பார்த்தன், கையெழுத்தைப் பார்த்தன். எந்தப் பக்கம் பறக்குதெண்டு பார்க்கேல்லை. ஊரிலை ஆரும் முதல்லை கேட்கிறது அதைத்தான், வருதோ போகுதோ எண்டு.

மகள் இஞ்சை பிறந்தவள். "அப்பா, ஸ்பைலெ பண்ணி வேறை பிரிண்ட் எடுங்கோவன்" எண்டாள். கண்ணாடியிலை தெரியிற மாதிரித் திருப்பச் சொல்லுறாள். கையெழுத்துப் போட்ட பிரதியைத் திருப்புறதோ! சும்மா இரு பிள்ளை எண்டன்.

எதிர்ச் சுவருக்கு மாத்தினால் மூக்குப் பல்கனிப் பக்கம் திரும்பும், வல்கன் வெளியாலை போகும். ஆனா அந்தச் சுவரிலைதான் பின்னேர வெயில் விழும். வெயில் இந்தப் படங்களுக்கு நஞ்சு, நிறத்தைத் திண்டிடும். என்னட்டை இருக்கிறதிலையே வடிவான படம் அது. கொஞ்ச நாள் மண்டையைப் போட்டுக் குழப்பினன். ஒரு பின்னேரம் குசினியை எட்டிப் பார்த்தால், மனிசி சிங்கோடை சாய்ஞ்சு, கால் மாத்தி மாத்தி நிண்டு தேத்தண்ணி குடிக்கிறா. நிறம் பெரிய நிறம் எண்டு ட்ரில்லை எடுத்தன். சோபாவையும் மற்றப் பக்கம் இழுத்துப் போட்டன்.

அவ கோப்பையோடை வந்து இருந்தா. காலை நீட்டினா. கனநேரம் படத்தையே பார்த்தா.

"போகேக்கை வடிவுதான்."

"எது?"

"பொம்மர்தான். ஊரிலை பங்கருக்குள்ளாலை தலையை நீட்டி, அது போறதைப் பார்க்கிறனான். ஆருக்கும் சொன்னதில்லை, பேசுவினம் எண்டு."

இந்த விசர் எனக்கு மட்டும்தான் எண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தன். சந்தோசத்திலை அவவின்ரை தேத்தண்ணியிலை பாதியைக் குடிச்சிட்டன், அதுக்கும் பேச்சு விழுந்தது.

இப்ப ஒரு கோடை முழுக்க வெயில் பட்டாச்சு. வயலின்ரை பச்சை மங்கிப் போச்சு, செட்டையின்ரை கரையும் மங்குது. போன கிழமை கிட்டப் போய்ப் பார்த்து, "ஐயோ, வெளிறுதப்பா" எண்டு புலம்பினன்.

மனிசி சோபாவை விட்டு அசையேல்லை.

"வெளிறேல்லையப்பா," எண்டா. "தூரப் போகுது."