முன்னால் போகிறவரின் மணி

போன ஞாயிறு விடியற்காலையில் என் சைக்கிளிலிருந்து அந்த மணியைக் கழற்றினேன். பாதித் தேங்காய் அளவு இருக்கும். அடித்தால் அடுத்த சந்தியில் படுத்திருக்கும் மாடும் தலை தூக்கும். அதை எனக்குப் பூட்டிவிட்டவர் எங்கள் தபாலதிபர் அம்மா.

கிளிநொச்சியில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் கூட்டத்தைத் தொடங்கியவர் அவர்தான். அதற்கு முன் கந்தோர்க்காரர்களான நாங்கள் ஊர் வழக்கப்படிதான் ஓடினோம்: நாலு பேர் அருகருகே, ஒருவர் தோளில் மற்றவர் கை. சைக்கிள் எங்களுக்கு உட்கார்ந்து கதைக்க உருளுகிற கதிரை. கதை முடியுமட்டும் பஸ் பின்னால் ஊதிக்கொண்டே வரலாம். தபாலதிபர் இதை ஒரே கிழமையில் ஒழித்தார். இரண்டு பேருக்கு மேல் அருகருகே கூடாது. கடைசியில் வருபவர் "பின்னுக்கு வாகனம்" என்றால் அந்தச் சொல் வாய்மாறி முன்வரை வரவேண்டும். உடனே ஒற்றை வரிசை, கதை பாதியில் நின்றாலும் சரி. முன்னால் போகிறவர் பள்ளத்தையும் மாட்டையும் பின்னுக்கு அறிவிக்கவேண்டும்.

"அண்ணை, நீங்கள்தான் முன்னுக்கு" என்றார். என் தலைமைப் பண்பை அரசாங்கம் இருபது வருடமாகக் கண்டுகொள்ளவில்லை, தபால் கந்தோர் கண்டுகொண்டது என்று எண்ணினேன். திருவிழாவில் சுவாமிக்கு முன்னால் போகும் நாதஸ்வரக்காரரைப்போல நெஞ்சை நிமிர்த்தி மாதக்கணக்கில் ஓடினேன்.

பிறகு முல்லைத்தீவுக் கடலுக்குப் போகத் தீர்மானித்தோம். ஒருவரும் அவ்வளவு தூரம் மிதித்ததில்லை. முதல்நாள் இரவு எனக்கு நித்திரையே இல்லை. புதுக்குடியிருப்பில் தேநீர் குடிக்க நின்றபோது, கடைக்காரர் நான் மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டுத் தபாலதிபரிடம் கேட்டார்: "பெடியள் இவ்வளவு பேர் இருக்க, இந்த ஐயாவை ஏன் மிஸ் முன்னுக்கு விட்டனீங்கள்?"

தபாலதிபர் தேநீரை ஊதிக்கொண்டே சொன்னார்: "ஆர் ஆக மெதுவோ, அவர்தான் முன்னுக்கு. அப்பதான் ஒருத்தரும் அவரை விட்டிட்டு ஓடேலாது."

கூட்டம் முழுவதும் வடையை உற்றுப் பார்த்தது. என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

"நான் பஸ்ஸில வாறன். நீங்கள் போங்கோ" என்றேன், மிச்சமிருந்த மானத்தோடு.

"சைக்கிளில ஏறுங்கோ அண்ணை. இல்லாட்டி நாங்கள் எல்லாரும் வீட்ட திரும்பிறம்." முத்திரை விற்கும் அதே குரல்.

எல்லோரும் என் முழங்கால்களைப் பார்த்தார்கள். அத்தனை பேரின் கடலும் இப்போது அந்த இரண்டிலும்தான் இருந்தது. மணியை ஒருமுறை அடித்துவிட்டு ஏறி மிதித்தேன்.

முள்ளிவாய்க்காலைக் கடக்கையில் யாரும் கதைக்கவில்லை. அப்படி ஒரு விதியை எவரும் போட்டதில்லை. பிறகு வட்டுவாகல் பாலம். ஒரு வாகனம் மட்டுமே போகக்கூடிய ஒடுக்கம். எதிர்க்கரையில் வந்த பஸ் எங்களைக் கண்டு நின்றுவிட்டது. ஊதவில்லை. எங்களுக்காக ஒரு பஸ் காத்து நிற்கிறது! பாதியில் கால்கள் மரத்தன. இறங்கித் தள்ளினால் பின்னால் வரும் வரிசை முழுவதும் இறங்கவேண்டும். கடைசியில் வந்த தபாலதிபரின் சொல் வாய்மாறி வாய்மாறி வந்தது: "அண்ணை, உங்கட வேகத்தில போங்கோ." என் வேகத்தில்தான் போனேன். கரையேறியதும் சாரதி கையை உயர்த்தினார்; பஸ்ஸுக்குள் யாரோ விசிலடித்தார்கள். சற்று நேரத்தில் உப்புக்காற்று முகத்தில் அடித்தது. கடலை முதலில் கண்டவன் நான். முன்னால் போகிறவனுக்கு அந்த வசதி உண்டு.

தபாலதிபர் மாற்றலாகி மன்னாருக்குப் போய்விட்டார். இப்போது கூட்டத்தில் ஆக மெதுவானவன் நான் இல்லை. புதிதாகச் சேர்ந்த வங்கி முகாமையாளரின் சைக்கிளில் மணியைப் பூட்டி, "சேர், நீங்கள்தான் முன்னுக்கு" என்றேன்.

"ஆளைப் பாத்துத்தான் தாறியள் போல" என்று இரண்டுதரம் அடித்துப் பார்த்தார்.

"ஓம் சேர்" என்றுவிட்டு வரிசையின் கடைசிக்குப் போனேன். அவருடைய நெஞ்சு நிமிர்ந்தது முதுகிலேயே தெரிந்தது. அடுத்த மாதம் கடலுக்குப் போகிறோம். புதுக்குடியிருப்பில் அந்தத் தேநீர்க்கடை இன்னும் இருக்கிறது.